கவுண்டருக்கு வராத தாய்

மருந்தின் பெயர், அளவு, எதை எந்த அலுமாரியில் வைப்பது என்பதையெல்லாம் மருந்துக்கடை வேலைக்கு வருகிற உங்களுக்குப் படிப்பித்துத்தான் அனுப்பியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பரீட்சையில் யாரும் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க விரும்புகிறேன். அது பயம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எங்களுக்கு வருகிற பயம், மருந்தை விழுங்குகிறவளுக்கு வருகிற பயம் இரண்டும்தான். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை பகல் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டால் எனக்கு அந்தப் பயம் திரும்ப வரும். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பாமசியில்தான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அங்கே நின்று நான் முதலில் கண்டுகொண்ட விசயம், மருந்து வாங்க வருகிறவர் பெரும்பாலும் மருந்து குடிக்கிறவர் அல்ல என்பது. கர்ப்பம் தரித்த புதிதில் எங்கள் பெண்கள் அதை வெளியே சொல்லமாட்டார்கள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் முடியும்வரை வாசற்படி தாண்டமாட்டாள். அவர்களுக்கான மருந்தை வாங்குவது கணவன், தம்பி, வாப்பா, சில நேரம் பக்கத்து வீட்டில் ஓட்டோ ஓடுகிறவர். "ஒரு காய்ச்சல் குளிசை தாங்க", "வயித்து நோவுக்கு ஏதாவது தாங்க" என்பார்கள். யாருக்கு என்று சொல்லமாட்டார்கள். சொல்ல வெட்கம். கேட்க எங்களுக்கும் வெட்கம். அந்த இரண்டு வெட்கத்துக்கும் நடுவில்தான் ஆபத்து வந்து குந்திக்கொள்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு முதலாளியும் மற்றவர்களும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். வழக்கம்போல ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, நான் உள்ளே சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு இளைஞன் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசம். முகம் பழக்கமானது. எதிர்ப் பக்கத்துப் புடைவைக் கடையில் வேலை செய்கிற நஸீர். பக்கத்து ஊர் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே இருக்கிறவன். கையில் மாத்திரை தீர்ந்த ஒரு வெற்றுக் குளிசை அட்டை இருந்தது. வைத்தியர் எழுதிய துண்டு இல்லை.

"ராத்தா, இதுல ஒரு காட் தாங்க. கெதியா. குத்பா தொடங்கப் போகுது."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். பரசிட்டமோலும் கோடீனும் சேர்ந்த குளிசை. பரசிட்டமோல் சாதுவானது. கோடீன் அப்படியல்ல. அபினி வகையைச் சேர்ந்த வலி மருந்து. துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. அதைச் சொல்லி அனுப்பிவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். சட்டப்படி என் கடமை அத்தோடு முடிந்திருக்கும்.

"இது யாருக்கு தம்பி?"

"ஊட்ட. புள்ளட உம்மாக்கு. பல்லு புடுங்கின. வலி இன்னும் கொறயல்ல."

புள்ள என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. "சின்னப் புள்ளயா?"

அவன் முகம் மலர்ந்தது. "ஓம் ராத்தா, மொதல் புள்ள. ஆம்புளப் புள்ள. இன்னும் நாப்பது முடியல்ல."

"அவ பால் குடுக்கிறாவா?"

அவன் என்னைப் பார்க்காமல் பின்னாலிருந்த இருமல் பாணிப் போத்தல்களைப் பார்த்தான். "ஓம்."

"புள்ள எப்படி இரிக்கி?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல புள்ள ராத்தா, அழுறதே இல்ல. மொதல்ல ஊட்டயே தூக்கி நிறுத்தினான். இப்ப ரெண்டு மூணு நாளா ஒரே நித்திர. பாலுக்குக்கூட எழும்புறான் இல்ல. மாமி செல்றா, ஊட்டுச் சத்தம் பழகிட்டாம்."

பெருமையோடு சொன்னான். எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

நான் பயிற்சிக்கு நின்ற ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்ட்டில் ஒரு தாதி இருந்தார். மெல்லிய, அதிகம் கதைக்காத மனுசி. வார்ட் முழுக்க வீறிட்டு அழுகிற பிள்ளைகள் கிடக்க, அவர் நேரே மூலையில் சத்தமில்லாமல் கிடக்கிற ஒன்றிடம் போவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அழுற புள்ளைக்கு நான் நடந்து போவன். அழாத புள்ளைக்கு ஓடுவன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு விளக்கம் அவர் தரவில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை.

தாய் விழுங்குகிற கோடீன் அவள் உடம்புக்குள் மோர்பினாக மாறுகிறது. அதில் கொஞ்சம் பாலில் இறங்கும். சிலருடைய உடம்பு அந்த மாற்றத்தை மற்றவர்களைவிட மிக வேகமாகச் செய்துவிடும். யாருடைய உடம்பு அப்படி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. அந்தப் பால் குடிக்கிற பச்சைப் பிள்ளை முதலில் தூங்கும். பிறகு பால் சப்ப மறக்கும். பிறகு மூச்செடுக்கவும் மறக்கும். அதனால்தான் பாலூட்டுகிற தாய்க்கு அந்த மருந்து வேண்டாம் என்று இப்போது சொல்கிறார்கள். நான் இதைப் படித்திருந்தேன். ஆனால், படித்த விசயம் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு என் முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கணத்தில் எனக்கு இரண்டு பயம் இருந்தது. நான் நினைப்பது சரியாக இருந்தால் என்ன செய்வது என்பது ஒன்று. பிழையாக இருந்தால் என்ன செய்வது என்பது மற்றது. பிள்ளைகள் தூங்கத்தானே செய்யும்? ஒரு வைத்தியர் எழுதிய மருந்தைப் பற்றி, ஜும்ஆவுக்குப் போகிறவனை மறித்துவைத்துக் கதை சொல்லி, ஒரு குடும்பத்தையே கலங்கடித்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தால் முதலாளி என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும்? இந்த இரண்டாவது பயம் மிகவும் நியாயமானதுபோல வேசம் போட்டுக்கொண்டு வரும். பலருடைய வாயை அடைத்தது அதுதான். பிழையாகப் போனால் எனக்கு வருவது அவமானம். சரியாகப் போனால் அந்தப் பிள்ளைக்கு வருவது மரணம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

"தம்பி, ஊட்டுக்கு ஒரு கோல் எடுங்க. மாமிட்டக் கதைக்கணும்."

"தொழுதுட்டு எடுக்கன் ராத்தா. நீங்க அட்டையத் தாங்க."

"இப்ப எடுங்க."

அவன் முகம் மாறியது. "என்ன ராத்தா, சும்மா பயங்காட்டுறீங்க? தாறல்லெண்டா வேற கடையில எடுப்பன்." ஷட்டரை நோக்கித் திரும்பினான்.

ஆபத்து என்று கத்தியிருந்தால் அவன் என்னோடு சண்டைக்கு நின்றிருப்பான், அல்லது பதறிக் கையைக் காலை உதறியிருப்பான். இரண்டாலும் பிள்ளைக்கு உதவி இல்லை. குரலைத் தாழ்த்தினேன். "நான் உங்கட ராத்தா, கூடப் பொறந்த அக்கா மாதிரி கேக்கன். ஒரே ஒரு கோல். புள்ளைய எழுப்பிப் பாக்கச் செல்லுங்க. எழும்பி அழுதா, நீங்க தொழப் போங்க. நான் மன்னிப்புக் கேக்கன்."

அவன் நின்றான். போனை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். மாமியார் எடுத்தார்.

"மாமி, நான் பாமசியிலிருந்து கதைக்கன். புள்ள கடைசியா எப்ப பால் குடிச்ச?"

"விடியச் சுபஹுக்கு வெச்சுப் பார்த்த. ரெண்டு தரம் சப்பினான், மறுகா நித்திர. ஏன் கேக்கீங்க?"

"உங்கட மகள்?"

"அவளும் படுத்துத்தான் கிடக்காள். தல சுத்துதாம். ராவெல்லாம் முழிச்ச களைப்பு."

பிள்ளை எழுப்பாமலே கிடந்ததென்றால், இவள் எந்த இரவு விழித்தாள்? தாயும் பிள்ளையும் ஒரே மருந்தில் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

"மாமி, புள்ளையத் தூக்குங்க. உடுப்பக் கழட்டுங்க. உள்ளங்காலச் சுண்டி விடுங்க. நல்லா சுண்டுங்க. என்ன செய்யிறானெண்டு செல்லுங்க."

போனைக் கட்டிலில் வைக்கிற சத்தம் கேட்டது. ஏதோ சரசரத்தது. "மனே, எழும்புங்க மனே" என்று மாமியார் கொஞ்சுகிற குரல். பிறகு அதே குரல் கொஞ்சலை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தூரத்துப் பள்ளியில் இரண்டாவது பாங்கு தொடங்கியது. நஸீர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கை சோந்து தொங்குது. கண்ணத் திறக்கான் இல்ல." என்றார் மாமியார். "மூச்சு... எடுக்கான், மறுகா நிக்கிது. யா அல்லாஹ், மறுகாத்தான் எடுக்கான்."

நஸீர் போனைப் பறித்துக்கொண்டு, ஷட்டரில் தலையை இடித்தபடி வெளியே ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். ஜும்ஆ நேரம், ஓட்டோ ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு அறிவித்தால் அது எங்கிருந்து வரும், பள்ளிவாசல்களுக்கு முன்னால் நிறைந்து நிற்கிற மோட்டார் சைக்கிள்களைத் தாண்டி எப்போது வந்து சேரும் என்று தெரியாது. தெருமுனையில் ஒரே ஒரு ஓட்டோ நின்றது. காரைதீவு யோகன், ஜும்ஆவுக்குப் போகிறவர் அல்ல. வெள்ளிக்கிழமை பகலில் கல்முனையில் கிடைக்கிற ஓட்டோ அவருடையதுதான். வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் தோலை எறிந்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினார். எங்கே, ஏன் என்று கேட்கவில்லை.

"போற வழியெல்லாம் போனக் கட் பண்ணாதீங்க" என்று நஸீரிடம் சொன்னேன். "மாமியச் சுண்டிக்கொண்டே இருக்கச் செல்லுங்க. மூச்சு நிண்டா முதுகத் தேய்க்கச் செல்லுங்க. பால் குடுக்க வேணாம், வாயில தண்ணி விட வேணாம். புள்ளைய எடுத்த உடன நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

ஓட்டோ போனது. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு என் ஸ்கூட்டியில் ஏறினேன். என் மனசெல்லாம் அதன் பின்னாலேயே சாய்ந்தமருதுக்குப் போகத்தான் துடித்தது. பிள்ளையைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் நான் இன்னுமொரு பயந்த பெண், அவ்வளவுதான். என்ன மருந்து, எத்தனை நாளாக என்று தெரிந்த ஒருவர் பிள்ளைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும். அவர்கள் அங்கே வந்து அழுது, அதை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க நேரமில்லை. கையிலிருந்த வெற்று அட்டையோடு ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன். பதற்றத்தில் கால் போக நினைக்கிற இடமும், நாங்கள் தேவைப்படுகிற இடமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். மூச்சிரைக்க நான் சொல்லத் தொடங்கியதும் அட்டையை வாங்கிப் பார்த்தார். "தாய்ப்பாலா? எத்தனை நாளாகக் குடிக்கிறா?" என்று சரியான கேள்விகளைத்தான் கேட்டார். உடனே தாதியிடம் அந்த மருந்தை முறிக்கிற ஊசியை எடுத்துவைக்கச் சொன்னார். பிள்ளைகளுக்கான சின்ன முகமூடியை ஒட்சிசனில் மாட்டினார்கள். கட்டில் தயார். ஊசி தயார். பிள்ளை மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தக் காத்திருப்பைப் பற்றி என்ன சொல்வது? வாசலில் நின்றேன். நான் நினைத்தது பிழையாகப் போகவேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். பிள்ளை அழுதுகொண்டு வந்திறங்கவேண்டும், எல்லோரும் என்னை ஏசவேண்டும், பைத்தியக்காரி என்று சொல்லவேண்டும். அப்படி ஒரு அவமானத்துக்காக நான் ஒருநாளும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

யோகனின் ஓட்டோ உள்ளே வந்து நின்றது. சத்தம் ஒன்றும் இல்லை. மாமியாரின் கையில் துணிக்குள் பிள்ளை. உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி நீலம். டொக்டர் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பின்னால் ஒரு பெண், தலைச்சீலை சரிந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். அதுதான் ஸிபானா, பிள்ளையின் தாய். கண் சொருகிக்கொண்டு வந்தது. அதையும் மீறி விழிக்கப் பார்த்தாள். நான் போய்த் தோளைப் பிடித்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பதறாத குரலில், வேகமாகக் கதைத்தார்கள். பலூன் மாதிரிப் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. நஸீர் நிலத்தில் குந்தி, தொப்பியைக் கழற்றி வாயில் பொத்திக்கொண்டிருந்தான். பிறகு பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம். இன்னொரு தரம். பிறகு அது கோபமான அழுகையாக மாறியது. மாமியார் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த ஊசியின் பலன் சீக்கிரம் இறங்கிவிடும். பிள்ளையின் உடம்பிலிருக்கிற மருந்து அதைவிட நெடுநேரம் தங்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளை மறுபடியும் சோர்ந்தது. மூச்சு மறுபடியும் விட்டு விட்டு வந்தது. மறுபடியும் ஊசி போட்டார்கள். அந்தப் பிரிவை விட்டு அசைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பிழைத்தது என்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகு வந்த அந்தப் பயம், முதலில் வந்ததைவிடக் கொடியது. உங்களுக்கும் அது வரும். ஆபத்து நீங்கிவிட்டது என்று நீங்களாகவே முடிவெடுத்துக் கடைக்குத் திரும்பிப் போய்விடாதீர்கள்.

மாலையில் ஸிபானாவின் மயக்கம் கொஞ்சம் தெளிந்திருந்தது. என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"நான் குடிச்ச குளிசையா ராத்தா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "ஓம், குளிசதான். ஆனா நீங்க இல்ல."

அவள் முதல் பாதியை மட்டும்தான் கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எப்படி நடந்தது என்று கேட்டு அறிந்தேன். நாற்பதுக்குள் வெளியே போனதே அவளுக்குக் கூச்சம். வலி தாங்காமல் அபாயாவைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பால் கொடுக்கிறேன் என்று அந்த ஆண் வைத்தியரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. வேறொரு ஊரில் பாமசியில் துண்டைப் பார்த்து மருந்து கொடுத்தவரும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பல் வைத்தியரைப் போய்ச் சந்தித்தேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்ற மறந்து நின்றார். "ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா..." என்றார். அங்கே கெட்ட மனிதர் என்று யாரும் இல்லை. அதுதான் என்னை இன்னும் கூடப் பயப்படுத்தியது. கெட்டவர் யாரும் இல்லாமலே ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்கவேண்டும்.

பிள்ளை தேறி வீட்டுக்குப் போன சில நாட்களில் நஸீர் மறுபடியும் கடைக்கு வந்தான். இந்தத் தடவை கையில் துண்டு இருந்தது. ஆனால் மருந்து கேட்கவில்லை.

"ராத்தா, மருந்து ஊட்ட கிடக்கு. குடிக்கிறா இல்ல. தலாணிக்குள்ள ஒளிச்சு வெக்கிறா. காய்ச்சல் நெருப்பா கொதிக்கிது."

துண்டை வாங்கிப் பார்த்தேன். கிருமிக்குக் குளொக்சசிலின், காய்ச்சலுக்குப் பரசிட்டமோல். என்ன நடந்திருக்கும் என்பது விளங்கியது. மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது, இனிப் பால் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவளுக்குத் துணிவு வரவில்லை. போத்தலில் பால்மா கொடுத்தாள். பால் மார்பில் கட்டி, கல்லாகி, கிருமி பிடித்துவிட்டது. அன்று ஒரு குளிசை பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. இப்போது குளிசைப் பயம் தாயைக் கொல்லப் பார்க்கிறது.

முதலாளியிடம் சொல்லிவிட்டு நஸீரோடு போனேன். கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீடு. ஸிபானா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை தள்ளித் தொட்டிலில் கிடந்தான். மாமியார் என்னைக் கண்டதும் தொடங்கினார்: "புத்தி செல்லுங்க புள்ள. படிச்சவள் மாதிரியா நடக்காள்?"

"மாமி, கொஞ்சம் தேத்தண்ணி ஊத்துவீங்களா?" என்று அவரை அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"பயப்படாதீங்க" என்றுதான் எனக்கும் வாயில் வந்தது. கவுண்டரில் நின்று எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல். தன் பிள்ளையின் உதடு நீலமானதைப் பார்த்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவளே திரும்பினாள்.

"அதையும் டொக்டர்தானே எழுதின ராத்தா? இதையும் டொக்டர்தானே எழுதின?"

கையிலிருந்த துண்டை அவள் பக்கம் நீட்டினேன்.

"உண்மதான்" என்றேன். "அண்டைக்கு நீங்க பால் குடுக்கிறது அவருக்குத் தெரியா. இண்டைக்கு எழுதினவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இதத் தெரிவு செஞ்சிரிக்காரு. இந்த மருந்தும் பால்ல போகும். போகாதெண்டு நான் பொய் செல்ல மாட்டன். மிச்சம் கொஞ்சம்தான் போகும். அதால புள்ளைக்கு நித்திர வராது, மூச்சு நிக்காது. வயிறு கொஞ்சம் இளகலாம். வாயில வெள்ளை படியலாம். அப்படிக் கண்டா எனக்குக் கோல் எடுங்க, கிளினிக்குக்குக் கொண்டுபோங்க. பரசிட்டமோலும் அப்படித்தான், செல்லின அளவுல குடிச்சா பால் குடுக்கிற தாய்க்கு ஏலும்."

"குடிக்காட்டி?"

"கட்டி பழுக்கும். வெட்ட வேண்டி வரும். கிருமி ரெத்தத்துல ஏறினா..." தொட்டிலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

கவனியுங்கள், தம்பிமாரே, தங்கச்சிமாரே. ஆபத்தான மருந்தைச் சாதுவானது என்று சொல்வது எவ்வளவு பெரிய பிழையோ, சாதுவான மருந்தைப் பற்றிப் பீதி கிளப்புவதும் அவ்வளவு பெரிய பிழைதான். இழுப்புப் பம்பைக் கர்ப்பத்துக்குப் பயந்து ஒளித்துவைத்த ஆஸ்துமாக்காரியையும், வலிப்புக் குளிசையைத் தானாக நிறுத்திவிட்டுக் குசினியில் அடுப்படியில் விழுந்தவளையும் நான் கண்டிருக்கிறேன். நிறுத்துவதும் ஒரு மருந்து கொடுப்பது மாதிரித்தான். அதையும் வைத்தியரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், தெரிந்தவரைக் கேட்டுச் சொல்லுங்கள். "புள்ளத்தாச்சியா? ஒரு மருந்தும் குடிக்க வேணாம்" என்று கையைக் கழுவிவிடுவது பாதுகாப்பு அல்ல. அது எங்களுடைய பயத்தை அவளுடைய தலையில் கட்டிவிடுவது.

ஸிபானா தொட்டிலிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "உங்கட புள்ளையெண்டா நீங்க குடிச்சிரிப்பீங்களா?"

"குடிச்சன். என்ட ரெண்டாவது மகள்ட நேரம் இதே நோவு, இதே குளிச. பால் குடுத்துக்கொண்டேதான் குடிச்சன்."

அவள் என் கண்ணையே பார்த்தாள். பொய் இருக்கிறதா என்று தேடினாள். பிறகு தலையணை உறைக்குள் கையை விட்டுக் குளிசையை எடுத்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிஸ்மி சொல்லி விழுங்கினாள். விழுங்கியதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பி எடுத்துவிட ஏலாதா என்று அவள் யோசித்ததுபோல எனக்குப் பட்டது.

"போகாதீங்க ராத்தா. அவன் குடிச்சு முடியுமட்டும் இருங்க."

இருந்தேன். மாமியார் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். கட்டியிருந்த பக்கத்தில்தான் வைக்கவேண்டும், பால் இறங்கினால்தான் கட்டி கரையும் என்று சொன்னேன். பிள்ளை முட்டி முட்டித் தேடிப் பிடித்தான். அவளுடைய கால்விரல்கள் வலியில் சுருண்டன. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. தலைச்சீலையின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். பிள்ளையை விலக்கவில்லை.

ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த மருந்தைப் பற்றி நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். இருந்தும் எனக்கும் பயம்தான். நாங்கள் இருவரும் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.